இருபதாவது நிமிடம்

காலையில் எந்தக் குறையும் இல்லை அதற்கு.
சோக்கை ஒரு விரல் இழுத்தால் போதும்,
முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும்.
எழுபத்தெட்டாம் வருடத்து ஜிகுலி.
தயிர் நிறம். இடது கதவு மட்டும் வேறொரு காருடையது.

சுராமியில் அடுப்பிலிருந்து எடுத்த
இனிப்பு ரொட்டிகளை டிக்கியில் அடுக்கி
லம்ஸிரா புறப்படுவாள்.
ரிகோட்டி கணவாயின் ஏற்றத்தில்
இருபதாவது நிமிடம்
இருமும்.
இருபத்திரண்டில் திக்கும்.
அதன் பிறகு கேட்பதெல்லாம்
பின்னால் நிற்கும் லாரிக்காரர்களின் வசவு.
அரை மணி நேரம் ஓரங்கட்டினால்
ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

'சூடானால் படுத்துக்கொள்கிறது, முர்மான்' என்றாள்.
நானும் அதையே எழுதிக்கொண்டேன்.
சூடு என்று ஒருவர் சொல்லிவிட்டால்
கை தானாகச் சூட்டைத் தேடிப் போகிறது.

முதலில் பெட்ரோல் பம்ப்.
எஞ்சினின் விலாவோடு ஒட்டிக் கிடப்பது அது.
வெக்கையில் பெட்ரோல் ஆவியாகிவிடும் என்று
இங்கே முடி வெட்டுகிறவனுக்கும் தெரியும்.
ஈரத்துணி சுற்றி அனுப்பினேன்.
ஈரத்துணியோடு இருமியது.

அப்புறம் காயில். தொட்டேன், விரல் சுட்டது.
சுட்டதாலேயே அதுதான் குற்றவாளி என்றேன்.
புதிது போட்டேன். அதுவும் சுட்டது.
கண்டென்சரை மாற்றினேன். பாயின்டைத் தேய்த்தேன்.
கார்புரேட்டரைப் பிரித்து
ஒவ்வொரு ஜெட்டின் துளை வழியாகவும்
வானத்தைப் பார்த்தேன்.
எல்லாவற்றிலும் வானம் இருந்தது.

டயர் கடை ஸவூர், உயரம் என்றான்.
அவன் மைத்துனன், பெட்ரோலில் தண்ணீர் என்றான்.
பாதிரியார் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே
வயது என்றார்.

மார்ச்சில் ஒரு நாள்
லம்ஸிரா மாவுக் கணக்கு நோட்டோடு வந்தாள்.
பின்பக்கத்தில் பென்சில் கிறுக்கல்:

'ஜனவரியில் பனிச்சரிவு. ஒரு மணி நேரம்
வரிசையில் எஞ்சினை அணைக்காமல் நின்றேன்.
முள் சிவப்பைத் தொட்டது. கார் சாகவில்லை.

பிப்ரவரியில் மைனஸ் பதினொன்று.
முள் பாதிகூட எழவில்லை.
அதே வளைவில் நின்றது.

வழியில் பெட்ரோல் போட்ட நாட்களில் மட்டும்
கடைசிவரை ஓடியது.'

அவள் நோட்டை மூடிவிட்டுச் சும்மா இருந்தாள்.
நான் பம்புக்கும் காயிலுக்கும் நடுவே
நின்றுகொண்டிருந்தேன், ஸ்பானரோடு.

அன்று அவளோடு மலையேறினேன்.
திக்கத் தொடங்கிய இடத்தில் இறங்கி
டேங்க் மூடியைத் திருகினேன்.
உஸ்ஸென்று
காற்று உள்ளே போனது.
முக்குளித்துக் கிடந்தவன் மேலே வந்து
மூச்சு வாங்குவதைப் போல, நெடுநேரம்.

சூடு இல்லை.
பம்ப் உறிஞ்ச உறிஞ்ச
டேங்க் தன் கன்னத்தைத் தானே உள்ளிழுத்துக்கொண்டு
இருபது நிமிடம் தாக்குப்பிடித்திருக்கிறது.

'எப்போதிலிருந்து என்று
நீ கேட்கவே இல்லையே' என்றாள்.
'எப்போதிலிருந்து?'
'அக்டோபர் கடைசி.
ரொட்டித் தட்டு வைக்க
டிக்கியில் பலகை அடித்துக் கொடுத்தாயே, அந்த வாரம்.'

தட்டுகளை இறக்கினோம். பலகையைத் தூக்கினேன்.
மூச்சுக்குழாய், சுண்டுவிரல் தடிமன் ரப்பர்,
என் ஆணியும் என் தகரப் பட்டையும் சேர்ந்து
அதன் கழுத்தை நெரித்தபடி.
நல்ல வேலைப்பாடு. ஆடவே இல்லை.

காயில் காசு, கண்டென்சர் காசு,
நான்கு மாதத்துக் கூலி,
எல்லாவற்றையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டே
முன்சீட்டில் உட்கார்ந்தேன்.
அவள் ஒரு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள்.
கிராம்பு மணந்தது.
பதினெட்டு. பத்தொன்பது.
சுரங்கத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

இருபதாவது நிமிடம்
இருமியது நான்.
ரொட்டித் துணுக்கு என்றேன்.
அவள் கியரை மாற்றினாள்.