பற்றிடம்: மற்றவை

நாயாற்று முகத்துவாரத்துக்கு வடக்கே
பாறை தலைகாட்டும் இடத்தில்
பிவிசி குழாயில் செய்த சதுரத்தைப் போட்டேன்.
அரை மீற்றருக்கு அரை மீற்றர்.
உள்ளே இருப்பதெல்லாம் என் கணக்கு.
வெளியே இருப்பது கடல்.

படிவத்தில் நிறத்துக்கு ஒரே பெட்டி.
பச்சை என்றால் புள்ளடி.
எந்தப் பச்சை என்று கேட்க
மறந்துவிட்டார்கள்.

விரலில் ஒட்டினால்
ரேகை ஊடாகத் தெரிகிற தாள் ஒன்று.
முழங்கால் தண்ணீரில் காலைச் சுற்றிவிட்டு
முடிச்சே விழாமல் கழன்று போகும் நூல் ஒன்று.
சின்னக் காசுகளைக் கோத்ததுபோல் இன்னொன்று,
சுண்ணாம்பு சேர்த்து வளர்வது,
செத்தால் வெளுத்து உதிர்ந்து மணலாவது.
நாங்கள் சோற்றுப் பார்சல் பிரித்த மணலிலும்
அது கொஞ்சம் இருக்கும் என்றேன்.
மரியசீலன் எழும்பி
சாரத்தின் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான்.

பிறகு அந்தக் குலை.
திராட்சைபோல் உருண்டைகள், கொடி, வேர்மாதிரி ஒன்று,
எல்லாம் சேர்ந்து ஒரே கலம்.
உள்ளே ஒரு சுவர்கூட இல்லை.
கலமென்றால் மரியசீலனுக்குத் தோணிதான்.
"அறை பிரிக்காத தோணியோ?
ஓட்டை விழுந்தால் மொத்தமும் தாழுமே."
தாழாது.
அறுந்த வாயை அது உடனே அடைத்துக்கொள்ளும்.
அறுந்து போன துண்டு
போய்ச் சேர்ந்த இடத்தில் கால் ஊன்றும்.
அதற்குப் பிறகு அவன் கனநேரம்
எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான்.
எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை.

பச்சை உடம்பு, பச்சைப் பொய், பச்சைப் புண்.
எங்கள் வாயில்
இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வேலை.

பதினேழாவது சதுரத்தில்
பாறை இல்லை, சிப்பி இல்லை, முருகைக்கல் இல்லை.
தையல் மெஷினின் சில்லு.
பாதி மணலுக்குள்.
மேலே அந்தத் தாள் பச்சை,
மற்றப் பதினாறு சதுரத்திலும் இல்லாத செழிப்பு.
யாரோ இதை
இதுவரைக்கும் காவிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மாதிரி எடுக்க வேண்டும்.
விரலகலம் சுரண்டிப் போத்தலில் போட்டேன்.
கீழே கறுப்புப் பெயின்ற், ஒரு பொட்டு,
இன்னும் மினுக்கம்.

"பற்றிடம் என்ன அக்கா?"
கரையிலிருந்து தர்சிகா கத்தினாள்.
"பாறையோ, மணலோ, மற்றவையோ?"
மற்றவை.
அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்
விவரம் எழுத விட்ட கோடு
அரை விரல் நீளம்.
"மூடியிருப்பது எத்தனை வீதம்?"

எண்பது என்றேன்.
நான் சுரண்டியதைக் கழித்துச் சொன்னேனா
என்று இப்போது நினைவில்லை.