ஐம்பத்தொன்று

சனிக்கிழமை ராத்திரி,
சுங்கை சிப்புட் கல்யாண மண்டபம்.
முப்பத்திரண்டு மேசை, மூன்று மணி நேரம்,
இருநூறு வெள்ளி, சாப்பாடு தனி.
"மேஜிக் துளசிமணி வர்றாங்க" என்று
ஒலிபெருக்கியில் தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை.

மேடை வித்தை இல்லை இது.
புறா இல்லை, புகை இல்லை,
பெட்டிக்குள் படுக்க ஆள் இல்லை.
மீகூன் தட்டுக்கும் சிராப் ஜாடிக்கும் நடுவே
ஒரு முழம் இடம் கிடைத்தால் போதும்.
"அண்ணே, ஒரு சீட்டு எடுங்க."
அவ்வளவுதான் மந்திரம்.

மாப்பிள்ளையின் கூட்டாளிகள்
என் சட்டைக் கைக்குள் போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள்.
முழங்கைக்கு மேல் மடித்துவிட்டேன், பார்த்துக்கோ.
சின்னப் பிள்ளைகள் சீட்டைப் பார்ப்பதில்லை,
வேறெங்கோ பார்க்கிறார்கள்,
அவர்களை ஏமாற்றுவது கஷ்டம்.
ஒரு அத்தை ஆட்டின் ராணியை எடுத்துவிட்டு
என்னவோ நினைத்துத் தாலியைத் தொட்டுக்கொண்டாள்.
முப்பத்தொன்றாம் மேசையில் கட்டு முழுவதையும் பரப்பினேன்.
அப்போது எல்லாம் இருந்தன.

கடைசி மேசை, கழிவறைக்குப் பக்கத்தில்.
செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள்.
கை ஒவ்வொன்றும் பலகை.
"வீராச்சாமி, நீ எடு!"
ஓரத்தில் இருந்தவர் முன் சீட்டுகளை விசிறியாக விரித்தேன்.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் வந்தன,
முள் பிடுங்குகிற மாதிரி, மெதுவாக.
"கூட்டத்துக்குக் காட்டுங்க."
"காட்டமாட்டேன்லா.
எனக்கும் சீட்டுக்கும் உள்ள விசயம்."
மேசை சிரித்தது. நானும் சிரித்தேன்.
ஆள்கள் சிரிக்கிற நேரத்தில்தான்
என் சுண்டுவிரல் வேலை செய்யும்.

திருப்பி வாங்கினேன். கலைத்தேன்.
அவரையே வெட்டச் சொன்னேன். ஊதச் சொன்னேன்.
ஊதினார், சுடுகிற கோப்பியை ஊதுகிற மாதிரி.
"இதுவா?"
கிளாவர் மூணு.

அரை மூச்சு நேரம்.
சீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
கிராணி சொன்ன குலைக்கணக்குக்குத்
தலையாட்டுகிற மாதிரி ஆட்டி,
"ஆமா, இதான்" என்றார்.

கரண்டியால் குவளையைத் தட்டினார்கள்.
கல்யாணப் பெண்ணே திரும்பிப் பார்த்தாள்.

பதினொன்றரைக்கு
பெட்ரோல் ஸ்டேஷன் விளக்கடியில்
மோட்டார் மேல் உட்கார்ந்து எண்ணினேன்.
வேலை முடிந்தால் எண்ணுவது வழக்கம்.
ஐம்பத்தொன்று.
திரும்ப எண்ணினேன்.
இஸ்பேட் ஒன்பது இல்லை.

ரெண்டு உருவி
ஒன்று திருப்பியிருக்கிறார்.
என் விசிறியிலிருந்து, என் கண்ணெதிரே,
நான் சிரித்த அதே நேரத்தில்.
பதினாறு வருசம் கண்ணாடி முன் நான் பழகியதை
அவர் எங்கே பழகினார்?
சம்பள நாள் ராத்திரி லயத்துச் சூதிலா?
இல்லை, இதுதான் முதல் தடவையா?
எதை நினைத்திருந்தார்,
தந்ததையா, வைத்துக்கொண்டதையா?
அந்த "ஆமா" பொய்யா?
பொய்யென்றால் யாருக்காக?

திரும்பிப் போய்க் கேட்கலாம்.
நாற்காலி அடுக்குகிற சத்தம் இன்னும் கேட்கிறது.
ஆனால் என் தொழிலில் ஒரு சட்டம்:
எப்படி என்று கேட்பவருக்குச் சொல்வதில்லை.
அந்தச் சட்டத்துக்கு
இப்படி ஒரு பக்கம் இருப்பது
எனக்குத் தெரியாது.
மோட்டாரை உதைத்தேன்.

திங்கள் காலை, கையுறை ஆலை.
சங்கிலியில் தலைகீழாக வருகின்றன
பீங்கான் கைகள்,
ரப்பர் பாலில் முங்கி, சொட்டி, சூட்டில் காய்ந்து,
நிமிசத்துக்கு நூறு.
உரிப்பது என் வேலை.
உரித்ததும் எல்லாம் வெறுங்கை.
ஆனாலும்
ஒவ்வொன்றின் விரலிடுக்கையும்
ஒருமுறை
பார்த்துக்கொள்கிறேன்.