விலைபோகாதவை

விற்கிற சட்டியில் நான் சமைத்ததே இல்லை.
வட்டம் தப்பாதவை, நேராக உட்காருபவை,
சுண்டினால் மணிபோல் பதில் சொல்பவை
எல்லாம் வைக்கோல் சுற்றிக்கொண்டு
செவ்வாய்க்கிழமை லாரியில் பொகோட்டா போய்விடும்.
என் அடுப்புக்கு வருவது மிச்சம்.

மக்தலேனா ஆற்றோரம், லா சம்பாவில்,
எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இதே கதைதான்:
முற்றத்தில் அழகு, அடுப்பில் கோணல்.

இந்தச் சட்டிக்கு இடப்பக்கம் சாய்வு.
அன்று மழை. காயும் முன்னே தூக்கிவிட்டேன்.
இதில் சோறு வைத்தால்
பள்ளத்துப் பக்கம் குழையும்,
மேட்டுப் பக்கம் விறைக்கும்.
குழைந்தது எனக்கு. விறைத்தது மிசாயேலுக்கு.
பதினேழு வருடம்
இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வந்ததில்லை.

அந்தப் பெரியதற்குக் கறுப்பு முழுசாய்ப் பிடிக்கவில்லை.
கழுதை விட்டையின் புகை
ஒரு கையகலம் தவறவிட்டது,
வயிற்றில் சிவப்பாய் ஒரு திட்டு.
மீனானாலும் பயறானாலும் அதில்தான்.
ஏற்றியதும் கொதி கொதி என்று நிற்கக்கூடாது.
அவசரக்காரர்களுக்கு அலுமினியம் இருக்கிறது.
மண் முதலில் தன் வயிற்றைச் சூடாக்கிக்கொள்ளும்,
பிறகுதான் நம் வயிறு.
இறக்கிவைத்த பின்னும் முணுமுணுக்கும்,
வாக்குவாதம் முடிந்து கதவைச் சாத்திய பிறகும்
பேசிக்கொண்டே போகும் என் நாத்தனாரைப் போல.

மூடிகளோ ஆளுக்கொரு குடும்பம்.
எதுவும் எதற்கும் பொருந்தாது.
வாழையிலைத் துண்டை இடுக்கில் வைத்து அழுத்தினால்
ஆவி அடங்கும்.
அதற்கு மேல் பொருத்தம் பார்ப்பதில்லை.

தை முடியும் வெயில்போல் ஒரு வெயில், போன மாதம்.
மெதெயீனிலிருந்து ஒருத்தி வந்தாள்.
உணவகம் வைத்திருக்கிறாளாம், பெயர் யாமிலே.
முற்றத்துச் சட்டிகளை ஒவ்வொன்றாய்ச் சுண்டிப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
மதியமாகிவிட்டது. பட்டினியாய் அனுப்ப முடியுமா?
ஆற்று மீன், முள் அதிகம்;
மரவள்ளி, வாழைக்காய், தக்காளி,
வெங்காயத் தாள், உப்பு.
வேறொன்றுமில்லை.

இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டவள்
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
சட்டியின் வயிற்றைத் தடவினாள்.
"இந்தச் சிவப்போடு நாற்பது வேண்டும்."

சிரித்தேன். முன்பணத்தை மேசையில் வைத்தாள்.
சிரிப்பை நிறுத்தினேன்.

தப்பைத் திட்டம் போட்டுச் செய்ய
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
ஈர மண்ணை அப்பிச் சுட்டுப் பார்த்தேன்,
திட்டு வந்தது,
கிழிசலில் ஒட்டுப்போட்ட துணி மாதிரி.
உடைத்துப் போட்டேன்.
இரண்டை முட்டவைத்துப் பார்த்தேன்,
காற்றடிக்கும் நாளில் சூளை பிரித்தேன்,
விட்டையைக் குறைத்தேன்,
வேண்டுமென்றே பராக்குப் பார்த்தேன்.
கூழாங்கல்லால் தேய்த்த கை மட்டும்
பராக்குப் பார்க்க மறுத்துவிட்டது.
நாற்பதும் வெளியே வந்தன,
கரிச்சான் சிறகு போல்,
ஊசி முனைக்குக்கூட இடம் விடாத கறுப்பு.

போனில் யாமிலே வெகுநேரம் மௌனமாக இருந்தாள்.
பிறகு மரியாதையாகவே சொன்னாள்:
இதெல்லாம் கடைகளில் கிடைக்கிறதே.
அந்தப் பழையதையாவது தருவாயா என்றாள்.
அதில் பயறு ஊறுகிறது என்றேன்.
முன்பணத்தைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது.

லாரிக்காரனும் இந்த வாரம் நாற்பதுக்கு இடமில்லை என்றான்.
முற்றத்தில் நடக்க வழியில்லை.
கோழி ஒன்றுக்குள் அடைகாக்க உட்கார்ந்துவிட்டது.

சரி, விலைபோகாதது அடுப்புக்கு;
வீட்டுச் சட்டம் அதுதானே.
நேற்று ராத்திரி ஒன்றை எடுத்துப் பழக்கி
சோறு வைத்தேன்.
சட்டி அசையாமல் நின்றது.
மூடி பொருந்தியது.
அடி முதல் விளிம்பு வரை
எல்லாப் பருக்கையும் ஒரே பதம்.

மிசாயேல் கரண்டியால்
இந்தப் பக்கம் கிளறினான், அந்தப் பக்கம் கிளறினான்,
அடியில் தேடினான்.
என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்:
"என் சோறு எங்கே?"