அங்குலத்துக்குப் பதினொன்று

பீளமேட்டில் இறங்கித் திருப்பூர் வரும் வழியில்
டிரைவர் செங்கோட்டுவேலு கேட்டார்:
"சீமையில என்னென்னங்க பாத்தீங்க?"
கண்காட்சி, என்றேன். அஞ்சு நாள்.
அறுபது ஸ்டால் ஏறி இறங்கி ரெண்டே ஆர்டர்.
பனி பார்த்தேன், என்றேன்.
அவருக்குப் பனி போதுமாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி இல்லை.
ரயிலில் இருபது நிமிடம், அப்புறம் ஒரு டவுன் பஸ்.
பள்ளிப் பிள்ளைகள் பிஸ்கட் கொறித்துக்கொண்டு வந்தார்கள்.
அந்த ஊர்ப் பேர்
என் நாக்குக்கு இன்னும் சரியாக வரவில்லை.

வாசலில் டிக்கெட் கிடையாது.
காசு வாங்காத இடத்தில்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கோட்டுப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டேன்.

கொட்டகைகள் இல்லை.
இருந்த இடத்தில் சரளை பரப்பி
வரிசைக்கு ஒரு நம்பர்.
நம்மூரில் ஒரு தறிக்கூடத்தை இடித்தால்
மறுவாரமே பிளாட் கல் நட்டு நம்பர் போடுவார்கள்.
நம்பர் போட்டும்
யாரும் விலை கேட்காத நிலத்தில்
அன்றைக்குத்தான் நடந்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சட்டை.
சுற்றி நின்றவர்கள் தலை குனிந்திருந்தார்கள்.
நானும் குனிந்தேன்.
தையலை எண்ணினேன்.

பதினேழு வருசம் செக்கிங் டேபிளில் நின்ற கண்
செருப்பா என்ன, வெளியே விட்டுவிட்டுப் போக.
நீலம் சாம்பல் நீலம். கோடு முக்கால் அங்குலம்.
காலர் இடதுபக்கம் தூக்கல்.
அடுக்கி மொத்தமாக வெட்டிய துணி,
ஒரு தோளுக்கும் டேப் வைக்காமல்.
மிஷின் தையல் அங்குலத்துக்கு ஏழு, அதுவும் கோணல்.
ரிஜெக்ட், என்றது உள்ளுக்குள் ஒரு குரல்.
அது என் குரல்தான்.
சொன்ன பிறகு
நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

நின்றதால் அதைப் பார்த்தேன்:
அக்குளுக்குக் கீழே, உள்மடிப்பில்,
நாலு விரல் அகலத்தில் ஒரு பை.
கைத்தையல். நூல் வேறு,
போர்வையிலிருந்து உருவியதாக இருக்கலாம்.
அங்குலத்துக்குப் பதினொன்று.
இருட்டில் தைத்திருப்பான்.
ஆனாலும் பதினொன்றும் ஒரே அளவு.
பைக்குள் என்ன இருந்ததென்று அட்டையில் எழுதவில்லை.

பக்கத்துப் பெட்டியில் ஒரு கம்பளிக் கோட்டு.
நெஞ்சில் மஞ்சள் துணியில் நட்சத்திரம்.
பிசிறு தெரியாமல் ஓரம் மடித்து
யாரோ வீட்டில் வைத்து நிதானமாகத் தைத்திருந்தார்கள்.
வீட்டில் வைத்து.

சாம்பிள் ரூமில், திங்கட்கிழமை,
புது ஆர்டர் பிரித்தோம்.
குழந்தைகள் பைஜாமா, மூன்றிலிருந்து ஆறு வயது.
நீலம் சாம்பல் நீலம்.
மினதி ஓவர்லாக்கில் உட்கார்ந்திருந்தாள்,
ஒடிசாவிலிருந்து வந்து எட்டு மாசம்.
ஒப்பிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அது வேறு. அது வேறேதான்.
இங்கே ஹாஸ்டல் கேட் திறந்துதான் இருக்கிறது,
ராத்திரி ஒன்பது வரைக்கும்.

பையருக்கு மெயில் எழுதினேன்:
கோடு வேண்டாம், வேறு டிசைன் கொடுங்கள்.
காரணம்? என்று ஒரு கட்டம் இருந்தது.
துணி சுருங்குகிறது, என்று பொய் எழுதினேன்.

காப்பி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது:
பிரச்சனை இல்லை. கோட்டை எடுத்துவிடுங்கள்.
நெஞ்சில் ஒரு நட்சத்திரம் போடுங்கள், துணியில் வெட்டி.
குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

வெளியே நொய்யல் பக்கமிருந்து
சாயத்தின் வாடை.
மினதி ஊசியில் நூல் கோத்து
நிமிர்ந்து பார்த்தாள்.

"கலர் என்னங்க சார்?"