முதல்தளம்

அனுப்புநர்: ஜெ. கிருபாவதி,
நான்காவது குறுக்குத் தெரு, சத்துவாச்சாரி.
பெறுநர்: ஆணையர் அவர்கள், வேலூர் மாநகராட்சி.
பொருள்: எங்கள் வீட்டில் மாடி இல்லை என்பது குறித்து.

இதற்கு மேல் பேனா நகரவில்லை.
இருப்பதைச் சொல்ல
பட்டா இருக்கிறது, பத்திரம் இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது.
இல்லாததற்கு எந்த நகலை இணைப்பது?

வரி அறிவிப்பில்
தரைத்தளம் எழுநூற்று இருபது சதுர அடி.
சரி.
முதல்தளம் அறுநூற்று ஐம்பது.
தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன்.
நான்கு தூண், தூணுக்கு நான்கு கம்பி,
கம்பி முனையில் கவிழ்த்த தண்ணீர் பாட்டில்.
அதற்கு மேல் வெயில்.
இந்த ஊரில் வெயிலையும் அளந்து
வரி போட ஆரம்பித்துவிட்டார்களோ.

ராணிப்பேட்டையில் அவருடைய தோல் ஷெட்டை மூடிய வருஷம்
அந்தக் கம்பிகள் வளர்வதை நிறுத்தின.
மணல் பாக்கியைத் தீர்க்கவே
என் வளையல் இரண்டு போதவில்லை.

நைட் டியூட்டி முடித்து
வார்டு புடவையோடு மண்டல அலுவலகம் போனேன்.
முதல் தடவை சர்வர் படுத்திருந்தது.
அடுத்த தடவை கட்டிட அனுமதி நகல் கேட்டார்கள்.
கொடுத்தேன்.
வரைபடத்தில் மாடி இருந்தது,
படுக்கையறைக்கு அலமாரி முதற்கொண்டு.
"நீங்களே போட்டுக் குடுத்திருக்கீங்களேம்மா."
"போட்டோம். கட்டலை."
அந்தம்மா என்னைப் பார்த்தாள்,
நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல.

நேரில் பார்க்க வந்தவர் தணிகாசலம்.
படி ஏறியதும் மூச்சு வாங்கி நின்றார்.
எதிரே மலை, பாறை பாறையாய், சூடாறாமல்.
டேப்பின் ஒரு முனையை என்னிடம் தந்தார்.
அளக்க ஒன்றுமில்லை என்றேன்.
"இல்லேன்னு எழுதவும் அளவு வேணும்மா."
தூணுக்குத் தூண் இழுத்தோம்.
பிறகு நடுவில் நிற்கச் சொன்னார்,
போட்டோவுக்கு.
நின்றேன்.
வரைபடத்தின்படி அது ஹால்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"பில் கலெக்டர் மேல ஏறவே இல்லீங்க.
சார்தான் சொன்னாராம்.
மேல ரெண்டு ரூம், ஒரு ஹால்,
மலையைப் பார்த்தாப்ல பால்கனின்னு."

ஜெயசீலன் கொடியிலிருந்து
காயாத துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

எட்டுக் கோடையாய் அவர் படுப்பது அங்கேதான்.
கொசுவலையை நான்கு கம்பியிலும் கட்டுவார்.
காற்று வந்தால் ஜன்னலைத் திறந்தாச்சு என்பார்.
தண்ணீர்ச் செம்போடு நான் போனால்
"அந்தப் பக்கம் சுவரு, இடிச்சுக்காதே" என்பார்.
விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.
நானும் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறேன்.

ஐம்பத்து மூன்றாம் நாள் ஆணை வந்தது.
முதல்தளம் கட்டப்படவில்லை என
கள ஆய்வில் உறுதி செய்யப்பட்டதால்
மேற்படி பரப்பு பதிவிலிருந்து நீக்கப்படுகிறது.
அரையாண்டுக்கு ஆயிரத்து நூற்றுப் பத்து ரூபாய் மிச்சம்.
ஊதா முத்திரை, சாய்ந்த கையெழுத்து.
ஜெயித்தவள் நான்.
கறி எடுத்துச் சமைத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவியவர்
துடைக்காமலே வாங்கிப் பார்த்தார்.
தாளில் ஈரம் பட்டது.
இரண்டு முறை வாசித்தார்.

"பால்கனியையும் அடிச்சுட்டாங்களா?"

தெரியாதா எனக்கு.
ஆனாலும் வாங்கி,
லைட்டுக்கு நேரே பிடித்து,
பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.