சி வரிசை, பதினான்கு

பூங்காத் துறையில் என் மேசை மூன்றாம் மாடியில்.
ஜன்னலுக்குக் கீழே துறைமுகம், பாரந்தூக்கிகள்,
பால்டிக் கடலின் ஈயநிறம்.
இழுப்பறையில் ஒரு வரைபடம்:
துணியில் ஒட்டியது, மடிப்புகளில் கிழிந்தது,
இப்போது இல்லாத ஓர் இடத்துக்கு
மிகத் துல்லியமான வழிகாட்டி.

கொள்ளைநோய் ஆண்டில் ஆணை வந்ததாம்:
இனித் தேவாலயத்தின் கல்தளத்துக்கடியில் யாரும் படுக்கக்கூடாது.
மதிலுக்கு வெளியே, மணல்மேட்டில்,
பிணங்களுக்குப் புது முகவரி.
பணக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள்,
பிறகு அங்கேயும் மேட்டுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

குளிர்காலத்தில் மண் இரும்பு.
ஜனவரியில் இறந்தவர்கள்
ஏப்ரல் வரை கொட்டகையில் காத்திருந்தார்கள்,
பெட்டிமேல் பெட்டியாக,
கயிறு திரிப்பவரும் கப்பல் முதலாளியும் தோளோடு தோள்.
குழிவெட்டி யாகுப் தினமும் கடப்பாரையை ஊன்றிப் பார்த்து
"இன்னும் இல்லை" என்பானாம்.
அந்த மூன்று மாதச் சமத்துவத்தை
இந்த ஊர் அதற்குப் பின் கண்டதில்லை.

வயதானால் காடு வா வா என்னும் என்பார்கள்.
இங்கே காடு யாரையும் அழைக்கவில்லை.
ஊர்தான் நடந்து வந்தது:
முதலில் ஒரு சாராயக்கடை,
பிறகு மரவாடி,
பிறகு டிராம் தண்டவாளம்,
சுற்றிப் போகச் சோம்பல்பட்டு
கல்லறையின் ஒரு மூலையை வெட்டிக்கொண்டு.

ஓர் இலையுதிர்காலத்தில் ஜெர்மன் பேசியவர்கள் கப்பலேறினார்கள்.
குடும்பக் கல்லறைகளின் சாவிகளைச் சிலர்
கையோடு கொண்டுபோனார்கள்.
பிறகு ராணுவம். கடலோரம் அவர்களுடையது,
கடலோரத்துக்குச் சுவர் வேண்டும்,
சுவருக்குக் கல் வேண்டும்.
பெயர்கள் உள்பக்கம் இருக்கும்படி அடுக்கினார்கள்.
கூச்சத்தாலா, தற்செயலா, தெரியாது.

என் அம்மா அங்கே நடனமாடியிருக்கிறாள்.
மரமேடை, ஒலிபெருக்கி, பதினாறு வயது.
"கீழே என்னவென்று தெரியுமா உனக்கு?"
"தெரியும். எல்லோருக்கும் தெரியும்.
அங்கே எலுமிச்சை ஐஸ் நன்றாயிருக்கும்."

சென்ற மே மாதம் லூபெக்கிலிருந்து ஒரு கடிதம்.
கெசீனெ டோர்னோ, ஓய்வுபெற்ற பல்மருத்துவர்.
எள்ளுப்பாட்டனின் எண் கேட்டிருந்தார்.
பால்தசார், கயிறு திரிப்பவர்.
பதிவேட்டில் இருந்தார்.
இறந்தது பிப்ரவரி மூன்று,
புதைத்தது ஏப்ரல் பத்தொன்பது,
சி வரிசை, பதினான்கு.

அளவு நாடாவோடு அழைத்துப் போனேன்.
லிண்டன் மரங்கள் மட்டும்தான் இடம் மாறவில்லை,
அவற்றிலிருந்து எண்ண வேண்டும்.
மூன்றாம் மரத்திலிருந்து இருபத்திரண்டு மீட்டர்,
இடப்பக்கம் திரும்பி ஒன்பது.
நாடா போய் நின்றது
ஊஞ்சலுக்குக் கீழே,
குழந்தைகளின் கால்கள் தேய்த்த பள்ளத்தில்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.
துறையின் சார்பில் அதற்கென ஒரு வாசகம் உண்டு.
அதற்குள் கைப்பையை என்னிடம் தந்துவிட்டு
அவர் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார்,
முழங்கால்கள் மோவாய்வரை.
ஆடவில்லை.
கயிற்றைக் கட்டைவிரலால் நிமிண்டிப் பார்த்தார்.
"நைலான்," என்றார்.
"அவருக்குப் பிடித்திருக்காது."

சிவப்புத் தொப்பிப் பையன் ஒருவன்
கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றான்.
உதடு அசைந்துகொண்டே இருந்தது.
பிறகு பக்கத்தில் வந்து
எங்கள் மொழியில் சொன்னான்:
"நூறு எண்ணிவிட்டேன். இப்போது என் முறை."
நான் மொழிபெயர்க்கவில்லை.
அவர் எழுந்து, பலகையில் ஒட்டிய மணலைத்
தன் கையாலேயே தட்டிவிட்டு
இடம் கொடுத்தார்.

பையன் ஏறியவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்,
தள்ளிவிட ஆள் வேண்டுமாம்.
முதல் தள்ளலை அவர் தள்ளினார்,
இரண்டாவதை நான்.

டிராம் நிறுத்தம்வரை பேசிக்கொண்டே போனபின்தான்
அவர் கைப்பை என் தோளிலேயே தொங்குவதை
இருவரும் கவனித்தோம்.