நாற்பத்தைந்து முதல் நூற்றைந்து வரை

செல்வின் தரவேண்டியது முப்பத்தெட்டாயிரம்.
தந்தது ஒரு பேஸ் கிற்றார்,
உறையில்லாமல், ஓட்டோவில், நின்றபடி.
"வித்தாலும் வரும், வைச்சிருந்தாலும் வரும்" என்றான்.
என்ன வரும் என்று சொல்லவில்லை.

மின்சார சபையில் பதினொரு வருசம் எனக்கு.
கீழே நின்றே சொல்லுவேன்
எந்தக் கம்பி வெயிலுக்கு எவ்வளவு தொய்யும்,
பண்ணைக் காற்று எதை எத்தனை மாரிக்குள் தின்னும் என்று.
இதில் இருந்தது நாலே நாலு.
நாலும் துரு.
விரலில் மிளகாய்த்தூள் நிறம் ஒட்டியது.
தடித்ததைத் தட்டினால்
நனைந்த சாக்கைப் படியில் போட்ட சத்தம்.

கஸ்தூரியார் வீதியில் மூன்று கடை.
ஒன்றில் ஆறு கம்பிக் கட்டு மட்டும்.
அடுத்ததில், "அதிலை நாலை எடுத்துப் போடுங்கோவன்" என்றார்,
கணக்குக் கொப்பியிலிருந்து தலை தூக்காமல்.
மூன்றாவதில் வீணைக் கம்பி விற்கும் பெண் சொன்னாள்,
"எனக்குத் தெரியாது அண்ணை.
தெரியாததை நான் விக்கிறேல்லை."

யாழைப் பெயர்ப்பலகையெல்லாம் எழுதிவைத்த ஊரிலிருந்து
நாலு நரம்புக்காக
வெள்ளவத்தைக்குப் போன் எடுத்தேன்.

"லோங் ஸ்கேலா, ஷோட் ஸ்கேலா?"
"தெரியாது."
"ரவுண்டா, பிளாற்றா?"
"கம்பியெண்டால் உருண்டைதானே?"
மறுமுனை சிரிக்கவில்லை.
அந்த ஆளுக்கு நான் கடமைப்பட்டவன்.
உள்ளே ஒரு கம்பி, அதன்மேல் சுற்றியது இன்னொன்று,
சுற்றியது உருளையென்றால் ஒலி பளிச்சென்று வரும்,
விரல் வழுக்கினால் கீச்சிடும்.
தட்டையென்றால் மெத்து. விலை இரண்டு மடங்கு.
"பழகிற ஆளெண்டால் நிக்கல், ரவுண்ட்,
நாற்பத்தைந்திலை துவங்கி நூற்றைந்து. யோசிக்காதேங்கோ."
"நூற்றைந்து என்னது?"
"அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சு, அதிலை நூற்றைந்து."

ஒரு அங்குலத்தை ஆயிரமாய்ப் பிரித்து
ஒருவன் பொறுமையாய் எண்ணியிருக்கிறான்,
கலியாண வீட்டில் யாரும் கவனிக்காத ஓர் ஓசைக்காக.
போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைத்தள நாடாவால் அளந்தேன்:
முப்பத்துநாலு அங்குலம். லோங்.
யோசிக்காதே என்றதை மூன்று இரவு யோசித்தேன்.
நாற்பதில் துவங்கும் கட்டும் உண்டாம்,
மெல்லிசு, விரலுக்குச் சுகம்.
என் விரலுக்கு என்ன சுகம் வேண்டிக் கிடக்கு?

இரவு பஸ்ஸில் வந்தது,
கலியாணக் காட் அளவு உறை, ஏழாயிரத்து நானூற்றைம்பது.
மெல்லிய மூன்றையும் பூட்டினேன். மினுங்கின.
தடித்ததைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.
கம்பத்தில் மிச்சம் தொங்கவிட்டால்
மேலதிகாரி ஏசுவார்;
அந்தக் கை குறட்டை எடுத்தது,
முளையோடு ஒட்ட வெட்டிப்போட்டது.

ஒரு சுற்றுக்கும் காணவில்லை.
இரண்டு தரம் நழுவியது.
மூன்றாம் தரம் மேலிழை அவிழ்ந்து
சுருளாய் என் சாரத்தில் கொழுவி நின்றது.
மழையில் பெரிய லைன்கூட வெட்டியிருக்கிறேன்,
வயிறு இப்படி வெறுமையானதில்லை.

பழையதைத் தேடினேன்.
றெஜீனா அதால் கோழிக்கூட்டுக் கதவைச் சுற்றியிருந்தாள்.
கழற்றினேன். கொதிநீரில் போட்டால் உயிர் வருமென்று
செல்வின் எப்போதோ சொன்ன ஞாபகம்.
புட்டுப் பானையில்தான் போட்டேன்.
அதற்கு வாங்கின பேச்சு இந்தக் கவிதைக்கு வேண்டாம்.

இப்போது மூன்று புதிது, ஒன்று கரி.
மூன்றும் தொட்டவுடன் பேசுகின்றன.
நாலாவது கொஞ்சம் யோசித்து,
அலுமாரிக்குள் கோப்பைகளை நடுங்கவைத்துவிட்டுத்தான்
வாய் திறக்கிறது.

தையல் மெசினை நிறுத்திவிட்டு
உள்ளேயிருந்து கேட்கிறாள் றெஜீனா:
"அந்தக் கடைசி ஆள் ஆரப்பா?
அவரை மட்டும் அடியுங்கோ."

சம்பளம் இருபத்தைந்தாம் திகதி.
தடித்தது தனியாய்க் கிடைக்குமா என்று கேட்கவேண்டும்.
கேட்கிற கேள்வியோடு
பிளாற் என்ன விலை என்றும்.